முகம் தெரியாத படங்கள்

ஒலக்கூர் சாலையில் அம்மா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நான் பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் பின்னால் வந்தேன். திண்டிவனம் தியேட்டரில் பகல் காட்சி இன்னும் முடிந்திருக்கவில்லை. எவ்வளவு மோசமான படமானாலும் கடைசிவரை உட்கார்ந்து பார்க்கிறவள், அன்று இடைவேளைக்கு முன்பே எழுந்து வந்துவிட்டாள்.

நாங்கள் பார்த்ததெல்லாம் யாரும் பார்க்காத படங்கள். பெரிய படம் ஒன்று போய் அடுத்த படப்பெட்டி வந்து சேராத நாட்களில் அவற்றை ஓட்டுவார்கள். சுவரொட்டியில் தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்காது. யாரோ நிலத்தை விற்று, ஸ்டுடியோவுக்கு வாடகை கொடுக்க வழியில்லாமல் வெட்டவெளியில் எடுத்திருப்பார்கள். பாட்டு இருக்காது. பேச்சுக்கு நடுவே காற்று இரையும். ஒரு படத்தில் கிழவி ஒருத்தி குடத்தோடு கிணற்றுக்கு நடந்தாள், நடந்தாள், நடந்துகொண்டே இருந்தாள். “கெயவி போய்ச் சேர்றதுக்குள்ள நாம போய்ச் சேர்ந்துடுவோம்டா” என்று தரை டிக்கெட்டில் ஒருவன் கத்த, தியேட்டரே சிரித்தது. எனக்கு அவள் நடுவழியில் நின்று குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்ட விதம் பிடித்திருந்தது. பின்னாளில் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வேலை பார்த்தேன். கையில் காசு இருந்தபோதெல்லாம் படமும் பார்த்தேன். அப்படிக் குடம் சுமந்தவளை மறுபடி திரையில் காணவில்லை. அந்தப் படங்களில் வந்தவர்களுக்கு நடிக்கத் தெரியாது. வீட்டில் செய்வதையே அங்கேயும் செய்துவிட்டுப் போனார்கள்.

அம்மா படத்துக்காக வரவில்லை. அப்பா மெட்ராசுக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. சினிமாவில் கும்பலோடு நிற்கிற வேலை என்றும், பெரிய கம்பெனிகளில் சேர்க்காததால் சின்னப் படங்களில்தான் தலைகாட்டுகிறார் என்றும் ஊர்க்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். அதிலிருந்து, களை எடுத்த கூலியில் மிச்சம் பிடித்து, அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அவரைத் தேட வந்துவிடுவாள். கூட்டம் வருகிற காட்சிகளில் கதாநாயகனை அவள் பார்க்கவே மாட்டாள். ஓரத்து முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அன்று அப்பா கிடைத்துவிட்டார். திருவிழாக் காட்சி. கதாநாயகி யாரையோ தேடி ஓடுகிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் அப்பா உட்கார்ந்திருந்தார். உடம்பு தேறியிருந்தது. மடியில் ஒரு குழந்தை. மல்லாட்டையை உடைத்து, கடலையை உள்ளங்கையில் தேய்த்து, தோலை ஊதிவிட்டு நீட்டினார். குழந்தை கேமராவையும் பார்க்காமல், அவர் முகத்தையும் பார்க்காமல், எடுத்து எடுத்துத் தின்றது.

சாலையில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“அப்பாவக் கண்டுபுடிச்சிட்டோம் இல்லம்மா?”

“ம்.”

“அந்தக் கொயந்த யாரும்மா?”

“கம்பெனிக்காரங்க குடுத்திருப்பாங்க. பேசாம வா.”

கொஞ்ச தூரம் போனதும் அவளே நின்றாள். “நீ சொல்லுடா. உங்கப்பா பண்ணது நடிப்பு மாதிரியா இருந்துச்சு?”

அப்பாவைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. “நடிப்புன்னே தெரியலம்மா. நம்ம வூட்ல குந்திக்கினு எனக்கு உரிச்சுக் குடுப்பாரே, அதே மாதிரி இருந்துச்சு.”

அம்மா தலையை ஆட்டினாள். முந்தானையால் என் முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் காலை நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்றேன். அம்மா பையை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு என்னை ரைஸ் மில்லுக்குக் கூட்டிப்போனாள். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக் காலால் கிளறிவிட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்பன் இன்னாடா பண்றான்?”

“சினிமாவுல இருக்காருங்க” என்றேன். “அவரு வந்ததும் நான் நின்னுடுவேங்க. திரும்ப ஸ்கூலுக்குப் போவணும்.”

மேஸ்திரி அம்மா பக்கம் திரும்பினார். “பாதியில நின்னா எனக்குப் பேஜாரும்மா.”

“இவன் நிக்க மாட்டாங்க” என்றாள் அம்மா. “அவரு வர மாட்டாரு.”

வேலை கிடைக்க வேண்டுமே என்று அம்மா பொய் சொல்கிறாள் என நினைத்துக்கொண்டு, ஆவி பறக்கிற நெல்லுக்குள் இறங்கினேன்.