செல்லக்கண்ணுவின் கணக்கில் இருபத்து மூன்று ஆட்கள்

நம் அரசியல் சட்டத்தின் முதல் பக்கத்தில் சோஷலிசம் என்று ஒரு சொல் இருக்கிறது. மைசூரில் ஒரு வணிக வரி அலுவலகத்தில் அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே கிடந்த பெஞ்சில் செல்லக்கண்ணு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கையில் மூன்று லட்சத்து ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய் வரி கட்டச் சொல்லும் நோட்டீஸ். அவர் தள்ளுவண்டியில் இட்லி விற்கிறவர்.

ஊர், தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர் பக்கம். கணவர் அங்கே வாடகை டிராக்டர் ஓட்டுகிறார். மகள் அஷ்வினியைப் படிக்கவைப்பதற்காகப் பதினான்கு வருடங்களுக்கு முன்பு மைசூருக்கு வந்த செல்லக்கண்ணு, போகாதி சாலையில் வண்டி போட்டார். அப்போது அந்தப் பக்கம் பாதி வயல். இப்போது எல்லாம் அடுக்குமாடி. அவற்றைக் கட்டுகிறவர்கள் இவருடைய வண்டியில் சாப்பிட்டார்கள்.

அரசாங்கம் பணத்தைப் பற்றி அவருக்கு இதற்கு முன்பும் பாடம் நடத்தியிருக்கிறது. ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்த வருடம், சேலை மடிப்பில் வைத்திருந்த எட்டாயிரம் ரூபாயை மாற்ற இரண்டு நாள் வரிசையில் நின்றார். விரலில் மை வைத்தார்கள். தேர்தலுக்கு வைக்கிற அதே மை, இதே மைசூரில் செய்வது. ஓட்டுப் போடும்போது வைத்தால் குடிமகள். சொந்தப் பணத்தை மாற்றும்போது வைத்தால் சந்தேகத்துக்குரியவள். கறுப்புப் பணம் வைத்திருந்த எவனும் அந்த வரிசையில் அவருக்கு முன்னாலும் நிற்கவில்லை, பின்னாலும் நிற்கவில்லை.

பிறகு கைபேசியில் பணம் வாங்கச் சொன்னார்கள். வங்கியிலிருந்து ஒரு இளைஞன் வந்து க்யூ.ஆர். அட்டையை வண்டியில் ஒட்டி, பணம் வந்தால் கன்னடத்தில் கூவும் ஒரு பெட்டியையும் வைத்துவிட்டுப் போனான். ஆயுத பூஜையன்று செல்லக்கண்ணு இட்லிக் கொப்பரைக்கும் பொட்டு வைத்தார், அந்தப் பெட்டிக்கும் வைத்தார். கொப்பரை அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்தப் பெட்டியைக் கண்டதும்தான் மல்லப்பனுக்கு யோசனை பிறந்தது. கொள்ளேகால்காரன், கட்டட வேலைக்கு ஆள் பிடித்து விடுகிற மேஸ்திரி. அவனிடம் இருபத்து மூன்று பேர் வேலை செய்தார்கள். பாதிப் பேருக்கு வங்கிக் கணக்கே இல்லை. மீதிப் பேருடைய கணக்கில் பணம் விழுந்தால் ஊரிலுள்ள கடன்காரன் உருவிக்கொள்வான். ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் மல்லப்பன் எல்லோருடைய கூலியையும் செல்லக்கண்ணுவின் எண்ணுக்குப் போட்டான். அவர் வங்கியில் எடுத்துவந்து, வாரச் சாப்பாட்டுக் காசைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைச் சனிக்கிழமை காலையில் ஆளுக்கு ஆள் கொடுத்தார். கமிஷன் ஒரு பைசா வாங்கவில்லை. சாப்பிட்ட காசு நிற்காமல் வந்துவிடும், அதுதான் அவருக்குக் கிடைத்த லாபம். வாரம் ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரம். ஒரு வருடத்தில் எழுபத்தோரு லட்சம் அவருடைய கணக்கில் ஓடியது. அதில் இட்லி விற்ற காசு ஒன்பது லட்சம்.

வரித்துறையின் கணினிக்கு எல்லாம் இட்லிதான்.

அதிகாரி சுசித்ரா இளம் பெண். கத்தவில்லை, அவமதிக்கவில்லை. அச்சடித்த தாளைப் போலப் பேசினார்.

"இது கூலிப் பணம்னு நீங்க சொன்னா போதாது. பணம் போட்டவர் எழுதிக் கொடுக்கணும். பத்து நாள். இல்லேன்னா கணக்கை முடக்குவோம்."

அந்தக் கணக்கில் அஷ்வினியின் கடைசி வருடக் கல்லூரிக் கட்டணம் முப்பத்தெட்டாயிரம் இருந்தது. மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும்.

மல்லப்பன் செய்தியைக் கேட்டுச் சிரித்தான்.

"என்ன செல்லக்கா, இட்லி வித்தே கோடீஸ்வரி ஆயிட்டீங்களாமா?"

"எல்லாம் உங்க புண்ணியந்தானுங்க மேஸ்திரி. ஒரு தாள்ல ரெண்டு வரி எழுதிக் குடுங்க. இத்தனை பேரு கூலின்னு."

"அது மட்டும் கேக்காதீங்க."

"ஏனுங்க? பொய்யா எழுதச் சொல்றேன்?"

"நெசத்தத்தான் எழுதப்படாது" என்றான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. இருபது பேரை வேலைக்கு வைத்தால் ஒவ்வொருவருக்கும் வருங்கால வைப்பு நிதி கட்ட வேண்டும் என்று சட்டம். மல்லப்பனின் பதிவேட்டில் பதினொரு பேர்தான் இருந்தார்கள், அதையும் அவனே சொன்னான். மற்ற பன்னிரண்டு பேர் வெயிலில் செங்கல் சுமந்தார்கள், சாரத்தில் ஏறினார்கள், தாளில் மட்டும் இல்லை. அவர்களை மறைக்க ஒரு இட்லிக்கார அம்மாளின் கணக்கு போதுமானதாக இருந்தது.

தொழிலாளர்களாவது எழுதித் தரட்டும் என்று சந்திரனைக் கேட்டார். ஹனூர்ப் பையன், ஐந்து வருடமாக அவர் கையில் சாப்பிட்டவன்.

"எழுதிக் குடுத்தா திங்கக்கிழமை எனக்கு வேல இருக்காதுங்கக்கா."

"எழுதாட்டி எம்புள்ள படிப்பு இருக்காது, சந்திரா."

"தெரியுதுங்க."

தெரிந்துகொண்டு, தட்டிலிருந்த இட்லியைப் பார்த்தபடி நின்றான். மறுநாள் இருபத்து மூன்று பேரில் ஒருவனும் வண்டிப் பக்கம் வரவில்லை. அவர்களைக் கோழைகள் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கையெழுத்துக்குச் சோற்றை விலையாகக் கேட்கிற ஏற்பாட்டை யார் செய்தார்களோ அவர்களைச் சொல்லுங்கள்.

எட்டாம் நாள் அஷ்வினி வங்கியிலிருந்து கணக்குத் தாள்களை வாங்கிவந்தாள். கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவள்.

"அம்மா, இல்லி நோடு, இங்க பாரு. ஒவ்வொரு வெள்ளியும் குறிப்புல என்ன போட்டிருக்கான் பாரு."

கைபேசியில் பணம் அனுப்பும்போது குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. எந்த வாரம் எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்பது மறந்துவிடக் கூடாது என்று மல்லப்பன் அதில் எழுதிவைத்திருந்தான். கூலி 23 ஆள். கூலி 22 ஆள். கூலி 23 ஆள். ஐம்பது வாரம், தன் கையாலேயே.

செல்லக்கண்ணு தாளை வாங்கிப் பார்த்தார். "படுபாவி, கணக்குல மட்டும் சுத்தம்."

சுசித்ரா அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு மணி நேரத்தில் வரி பூஜ்யம் ஆனது. கணக்கை முடக்க மாட்டார்கள். செல்லக்கண்ணு எழுந்து, பிறகு மறுபடி உட்கார்ந்தார்.

"அந்த ஆளை என்ன பண்ணுவீங்க, மேடம்?"

"எந்த ஆளை?"

"இருபத்து மூணு பேர வச்சுக்கிட்டு பதினோரு பேருன்னு எழுதினவனை."

"அது எங்க இலாகா இல்லைம்மா."

இட்லியைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு கணினி இருக்கிறது. திருட்டைப் பார்த்த கண்ணுக்கு இலாகா இல்லை. சுவரில் அந்தச் சொல் கண்ணாடிக்குள் பத்திரமாக இருந்தது.

அஷ்வினியின் கட்டணம் கட்டியாயிற்று. செல்லக்கண்ணு வண்டியிலிருந்த க்யூ.ஆர். அட்டையைக் கிழித்தெறிந்தார். மல்லப்பன் தன் ஆட்களை மைசூரிலேயே ஹெப்பாள் பக்கம் வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோனான். வியாபாரம் பாதியாகக் குறைந்தது. ஒரு மாதம் கழித்துச் சந்திரன் பழைய சாப்பாட்டுக் காசைக் கொடுக்க வந்தான். முகத்தைப் பார்க்காமல் நீட்டினான்.

"இப்ப கூலி யார் கணக்குல விழுது?"

"லிங்கம்மான்னு ஒருத்தருங்க. டீக்கட வச்சிருக்காங்க. அவங்களும் நம்ம ஹனூருதான்."

அடுத்த வெள்ளிக்கிழமை செல்லக்கண்ணு வண்டியை மூடிவிட்டுப் பஸ் ஏறினார். லிங்கம்மாவின் கடையில் டீ வாங்கிக் குடித்துக்கொண்டே காத்திருந்தார். வேலை முடிந்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பெட்டி கூவியது: ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரம். லிங்கம்மாவுக்கு முகமெல்லாம் பெருமை. செல்லக்கண்ணு பையிலிருந்து தன் நோட்டீசை எடுத்து மேசையில் விரித்தார்.

"கன்னடம் படிப்பீங்களா?"

"ம். என்னதுங்க இது?"

"எனக்கு வந்துச்சு. அடுத்த வருசம் உங்களுக்கு வரும். படிங்க."

லிங்கம்மா விரல் வைத்துப் படித்தார். தொகை வந்த இடத்தில் விரல் நின்றது. பெட்டியைப் பார்த்தார், சந்திரனைப் பார்த்தார். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டுக் கைபேசியை எடுத்தார்.

"இதத் திருப்பி அனுப்பறேன். உங்க மேஸ்திரி அவங்கவங்க பேரு போட்டு அவங்கவங்களுக்குக் குடுக்கட்டும்."

"அனுப்பிட்டா நாங்க நாளைக்கு..." என்று ஒருவன் தொடங்கினான்.

"அனுப்பியாச்சு."

செல்லக்கண்ணு மீதி டீயைக் குடித்தார். சந்திரனை அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவன் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து, எண்ணை அழுத்திக் காதில் வைத்தான்.

"மேஸ்திரி, சந்திரன் பேசறனுங்க" என்றான். "இல்லீங்க, நான் மட்டும் இல்ல. இருபத்து மூணு பேரும் இங்கதான் நிக்கறோம். பேரு சொல்றேன், எழுதிக்குங்க."