மூன்று மாதமும் ஒரு முகூர்த்தமும்

போன செவ்வாய்க்கிழமை காலை, தங்கை செல்வி போனில் பதறினாள். "அண்ணே, பேங்க்க மூடப் போறாங்களாம். கியூவுல நிக்கிறேன். சீக்கிரம் வா!"

செல்வி இருப்பது தவளக்குப்பத்தில். மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்த நாலு லட்சத்தையும், டவுனில் ஒரு சின்னக் கூட்டுறவு வங்கியில் டெபாசிட் போட்டிருக்கிறாள். அடுத்த மாதம் முகூர்த்தம்; டெபாசிட் முடிவதும் அதற்குச் சில நாள் முன்புதான்.

லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனால், வங்கி வாசலிலிருந்து தெருமுனை வரை கூட்டம். என்ன விஷயம் என்று கேட்டால் ஆளாளுக்குப் போனை நீட்டுகிறார்கள். எல்லாவற்றிலும் ஒரே வாட்ஸ்அப் செய்தி. எழுதியது யார்? யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. நாம் போட்ட பணம் பெட்டிக்குள்ளா தூங்குகிறது? யாரோ ஒருவரின் வீட்டுக் கடனாக, இன்னொருவரின் டெம்போ கடனாக ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரே நாளில் அத்தனை பேரும் வந்து கேட்டால் நல்ல வங்கிகூடத் திணறத்தானே செய்யும்?

செல்வியிடம் என் மேதாவித்தனத்தை அவிழ்த்துவிட்டேன். "பேங்க்கே மூழ்கிப்போனாலும் அஞ்சு லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்கு. உன் பணம் எங்கியும் போவாது. வா, வீட்டுக்குப் போலாம்."

"எப்ப குடுப்பாங்க?"

"ஒரு மூணு மாசத்துல..."

"அப்ப நீயே போயி மாப்ள வீட்டுல மூணு மாசம் பொறுத்துக்கச் சொல்லு!"

அவள் கண் கலங்கியிருந்தது. இன்சூரன்ஸ் பணத்தைக் காப்பாற்றும், சரி. தேதியை யார் காப்பாற்றுவது?

பதினோரு மணிவாக்கில் மேனேஜர் வெளியே வந்தார். நல்லவேளை, ஷட்டரை இறக்கவில்லை. "எங்ககிட்ட இருக்குற கவர்மென்ட் பத்திரத்த அடகு வெச்சு பெரிய பேங்க்குல பணம் வாங்கியிருக்கோம். கேக்குற எல்லாருக்கும் குடுத்துட்டுதான் இன்னிக்கிப் பூட்டுவோம்" என்றார். கொஞ்ச நேரத்தில் துப்பாக்கிக் காவலோடு வேன் வந்தது. பெட்டிகள் இறங்கின.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை... பெட்டியைப் பார்த்த திருப்தியிலேயே பாதிப் பேர் கலைந்து போனார்கள்!

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இன்சூரன்ஸ், அவசரக் கடன் — இந்த ஏற்பாடெல்லாம் வங்கி விழுந்த பிறகு நம்மைத் தாங்கிப் பிடிக்கத்தான் என்று நினைத்திருந்தேன். ஆனால் அவை இருக்கின்றன என்று கண்ணால் பார்த்தாலே போதும், பாதி ஆபத்து விலகிவிடுகிறது. வங்கியைத் தள்ளிவிடுவதே நம் பயம்தானே?

செல்வியின் முறை வந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் டெபாசிட் ரசீதைப் பார்த்துவிட்டு, "முன்னாடியே எடுத்தா வட்டி கொறையும்க்கா. பரவால்லியா? முழுசும் தந்துடவா?" என்றாள்.

செல்வி அந்தப் பெண்ணையும், அவள் பக்கத்தில் இருந்த நோட்டுக் கட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். ரசீதைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும், இன்னும் வரிசையில் நின்ற ஒருவர் கவலையோடு கேட்டார். "என்னம்மா, பணம் குடுக்குறாங்களா?"

"குடுக்குறாங்கய்யா. அதான் எடுக்கல!"