பத்துக் கரிக்கோடுகள்

போன செவ்வாய்க்கிழமை மதியத்திலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. குருசுக்குப்பத்தில் ஒரு வீட்டுச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தேன். சுவரில் என்ன, பேயா? இல்லை... கரியால் இழுத்த கோடுகள். அவ்வளவுதான்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் டாக்டர் மீனா மேல்படிப்பு படிக்கிறாள். பிரஷர் மாத்திரையை மக்கள் ஆறு மாதம் விடாமல் சாப்பிடுகிறார்களா என்று ஆராய்ச்சி. எத்தனை பேரைப் பார்த்தால் போதும்? ஃபார்முலா போட்டதில் நூறு வந்தது. ஆனால் குருசுக்குப்பத்தில் எடுத்ததோ நூற்றுப்பத்து பேர்! நடுவில் சிலர் ஊர் மாறுவார்கள், சிலர் செத்தும் போவார்கள் — அதற்காக முன்கூட்டியே கொஞ்சம் கூட்டி எடுப்பது வழக்கமாம்.

முதல் நாள் ஃபாரம் நிரப்ப உதவியாக நானும் போயிருந்தேன். கடைசியாக வந்தவள் மீன் விற்கும் அஞ்சலை.

"நூறு போதும்னா எதுக்கு சார் பத்து பேரு கூட?"

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! "ஆறு மாசத்துல பத்து பேர் குறைஞ்சிடுவாங்கம்மா. அது கணக்கு."

"எந்தப் பத்து பேரு?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆறு மாதம் முடிந்து, செவ்வாயன்று கடைசி ரவுண்டு; அதற்கும் கூடப் போனேன். மீனாவின் லிஸ்ட்டில் பத்துப் பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. சரியாகப் பத்து! அஞ்சலையைப் பார்த்துவிட்டால் நூறு முடிந்தது. மீனாவுக்கு ஒரே சந்தோஷம்.

அஞ்சலை வாசலிலேயே சிரித்தபடி நின்றாள். உள்ளே சுவரில் கோடுகள். எண்ணிப் பார்த்தேன். பத்து.

"என்னம்மா இது?"

"போனவங்க சார். மாத்திரை வாங்க எல்லாரும் ஒண்ணாதானே குந்துவோம்... யாரு வரலன்னு தெரியாதா? அந்தோணியம்மா காரைக்கால் போயிட்டா. பத்தாவதா கடைக்கோடி வீட்டு ராசாத்தி... போன மாசம் செத்துடுச்சு. நீங்க சொன்ன பத்தும் முடிஞ்சிடுச்சு. இனிமே யாரும் போவமாட்டாங்க, எனக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு அன்னிக்கே மாத்திரைய நிறுத்திட்டேன்."



மீனா அவள் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றி அழுத்தினாள். அவிழ்த்தாள். மறுபடியும் சுற்றினாள். "ஆட்டோ கூப்பிடுங்க அங்கிள்... உடனே" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

ஆட்டோவில் அஞ்சலை என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். "பத்துதானே சார் சொன்னீங்க?"

இதை எழுதும்போதும் அவள் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். தப்பித்துவிடுவாள் என்கிறாள் மீனா. நானும் வேண்டிக்கொள்கிறேன்...

அந்தச் சுவரில் இன்னொரு கோட்டுக்கு இடம் இருந்தது.