அட்டவணைப்படி ஓடிய பாதை

எங்கள் தீவிலிருந்து அக்கரைக்குப் போக ஒரு பாதை இருந்தது. பாதை என்றால் தெரு அல்ல. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் தட்டையான இரும்பு மிதவை. நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம் அதை ஓட்டியவர் என் அப்பா. பள்ளிக்கூடம் அக்கரையில் இருந்ததால் தினமும் அதில்தான் போவேன். அப்பாவுக்கு விழும் ஏச்செல்லாம் என் காதிலும் விழும்.

ஏசுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இயந்திரம் நினைத்தால் ஓடும். டீசல் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. எல்லாவற்றையும்விட ஆட்களுக்கு எரிச்சல் மூட்டியது நேரம். அப்பா மணிக்கூட்டைப் பார்த்துப் பாதையை எடுக்கமாட்டார், தண்ணீரைப் பார்த்துத்தான் எடுப்பார். கடல் வற்றும் மாதங்களில் நடுவிலிருக்கும் மணல்திட்டு மேலே வந்துவிடும். அதனால் ஏழு மணிப் பாதை ஒரு நாள் ஆறரைக்குப் போகும், இன்னொரு நாள் எட்டேகாலுக்குப் போகும். ஆறரைக்குப் போனால் தவறவிட்டவர்கள் ஏசுவார்கள். எட்டேகாலுக்குப் போனால் ஏறியவர்கள் ஏசுவார்கள்.

எல்லோரையும்விடக் கூடுதலாக ஏசியவர் பெரியப்பா, அப்பாவின் ஒரே அண்ணன். கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். பாதையைப் பற்றி நான்கு பக்கத்துக்கு ஒரு பெட்டிசம் எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

"இது தம்பிக்கு எதிரானதில்லை. பாதைக்கு எதிரானது," என்று அம்மாவுக்கு விளக்கம் சொன்னார். அம்மா பேனையைத் தொடவில்லை.

ஒருநாளும் அசையாத மேலிடம் அந்த முறை அசைந்தது. விளக்கம் கேட்டு அப்பாவுக்குக் கடிதம் வந்தது. இறங்குதுறையில் நேர அட்டவணை ஒன்றைக் கொண்டுவந்து அறைந்தார்கள். தண்ணீரைப் பற்றி ஒரு வரி சேர்க்கச் சொல்லி அப்பா கேட்டாராம். அதற்கு இடமில்லை என்றார்களாம். அதன்பிறகு அப்பா பெரியப்பாவோடு கதைக்கவில்லை.

அடுத்த கிழமை முழுதும் தண்ணீர் ஒத்துழைத்தது. பாதை சரியாக ஏழு மணிக்குப் போனது. பெரியப்பா ஊரெல்லாம் தலை நிமிர்ந்து நடந்தார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை பெரியப்பா தன் மகளை, எனக்கு அக்கா முறையானவளை, கூட்டிக்கொண்டு வந்தார். அக்காவுக்கு அன்று பட்டணத்தில் ஆசிரியர் வேலைக்கு நேர்முகம். ஒன்பது மணிக்கு நிற்கவேண்டும். மடிப்புக் கலையாத சேலை கட்டி, சான்றிதழ்கள் வைத்த பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினாள். அப்பா அவளைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார்.

மீன் விற்கப் போகும் கிழவர் ஒருவர் அப்பாவிடம் வந்தார். "தம்பி, தண்ணி காணாது. ஒரு மணித்தியாலம் பொறுத்துப் போவமே?"

"ஏழு மணி எண்டு போட்டிருக்கு, ஐயா," என்று அப்பா அட்டவணையைக் காட்டினார். ஏழு மணிக்கு இயந்திரத்தைக் கிளப்பினார்.

நடுக்கடலில் அடித்தட்டு உராயும் சத்தம் கேட்டது. பாதை நின்றுவிட்டது.

"இனித் தண்ணி வந்தாத்தான்," என்றார் அப்பா.

"எப்ப வரும்?" என்று பெரியப்பா கேட்டார்.

"அது அட்டவணையில இல்லை, அண்ணை."

சிலர் சிரித்தார்கள். அரை மணித்தியாலம் வெயிலில் நின்றபின் யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்துக் கத்தினார். ஒரு குழந்தை வீறிட்டது. பெரியப்பா வியர்வையோடு, "உனக்கு இது தெரியாதே? உனக்கு இது தெரியாதே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தாள். சேலையைத் தூக்கிச் செருகி, பைலைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். முழங்கால்வரை சேறு. அப்பா பின்னாலேயே குதித்தார்.

"பிள்ளை, நில். உந்தப் பக்கத்தாலை போகாதை, புதையும். எனக்குப் பின்னாலை வா."

அவர் காலால் துழாவித் துழாவி முன்னே போக, அக்கா பின்னே போனாள். இருவரும் கரை ஏற வெகு நேரமானது. அப்பா திரும்பி வந்து, தண்ணீர் ஏறி, பாதை அசைந்து நான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருந்தது. உன் அப்பாவுக்குக் கடல் தெரியாதா என்று கேலி செய்த வகுப்புப் பெண்பிள்ளைகளோடு நான் சண்டை பிடித்தேன். கடல் வற்றினதுக்கு எங்கடை அப்பா என்ன செய்யிறது என்று கேட்டேன்.

அக்கா போய்ச் சேர்ந்தபோது கதவை மூடிவிட்டார்களாம். சேற்றுக் காலோடு வாசலில் நின்று கெஞ்சியும் உள்ளே விடவில்லை. அந்த வேலை அவளுக்குக் கிடைக்க மேலும் இரண்டு வருடம் ஆனது.

அன்று பின்னேரம் அப்பா சாப்பிட உட்கார்ந்தார். அம்மா சோற்றைப் போட்டுவிட்டு அவர் முன்னால் நின்றார்.

"அந்தப் பிள்ளை ஏறினதைக் கண்டனீங்கள்தானே?"

"கண்டனான்."

"கண்டுமோ?"

அப்பா கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அக்காவுக்கு உட்கார இடம் எடுத்துக் கொடுக்கவில்லை என்றுதான் அம்மா கோபிக்கிறார் என்று நான் நினைத்தேன். அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "பாதையில ஒருத்தருக்கும் இருக்க இடமில்லை, அம்மா," என்று அவருக்காக நான் சொன்னேன்.