வாய்ச் சூட்டில் நிமிரும் கம்பி

பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்தவளை வீட்டில் பெரியவள் என்பார்கள். தங்கை சின்னவள். அப்பாவும் அம்மாவும் போய், வீட்டில் அவர்கள் இருவர் மட்டுமே மிஞ்சிய பிறகும் அந்தப் பெயர்கள் ஒட்டிக்கொண்டன.

சின்னவளுக்கு மேல் முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். இந்த வயதில் பல்லுக்குக் கம்பியா என்று முரண்டு பிடித்தாள். பெரியவள் விடவில்லை. மருத்துவமனையில் மிஞ்சிய கம்பித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்தாள். அது துவண்டுபோய், வளைத்தபடியெல்லாம் வளைந்து கிடந்தது. வெதுவெதுப்பான நீரில் விட்டதும் விறைத்து, தன் பழைய வளைவுக்கே திரும்பிவிட்டது.

"வாய்ச் சூடே போதும்டி இதுக்கு. குளிர்ச்சியா இருக்கறப்ப மாட்டிடுவோம். அப்புறம் மெதுவா, விடாம பல்லை இழுக்கும். பழைய கம்பி மாதிரி உயிர் போற வலி இருக்காது."

"உன் வாயை அடக்க ஒரு கம்பி வந்திருக்கா?" என்று சிரித்துவிட்டுச் சின்னவள் ஒத்துக்கொண்டாள்.

கம்பி மாட்டிய கொஞ்ச நாளில் சின்னவளுக்கு வேலையில் வெளியூருக்கு மாற்றல் வந்தது. மாதாமாதம் வந்து காட்டச் சொல்லியிருந்தார் மருத்துவர். இவள் இன்றைக்கு நாளைக்கு என்று தட்டிக் கழித்தாள். ஒருமுறை போனில், "பல் தேய்க்கறப்ப ரத்தம் வருதுக்கா, ஆனா வலி இல்ல" என்றாள். அப்போது மருத்துவமனையில் சரியான கூட்டம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கையுறை மாட்டியபடியே பெரியவள் சொன்னாள்: "வலி இல்லேன்னா பயப்படாத. கம்பி அது பாட்டுக்கு வேலை செய்யும்."

கம்பியும் அது பாட்டுக்கு வேலை செய்தது. பல்லைப் பிடித்துவைக்க அடியில் எலும்பு இருக்கிறதா இல்லையா என்று அதற்கு எப்படித் தெரியும்?

வருஷம் திரும்பும் நேரத்தில் சின்னவள் வந்து நாற்காலியில் சாய்ந்தாள். பற்கள் வரிசை பிடித்து நின்றன. "அடியே, எவ்வளவு அழகா இருக்கு!" என்று பெரியவள் பூரித்துப் போனாள். மருத்துவர் கருவியின் நுனியால் தொட்டார். பல் ஆடியது. அடுத்ததும் ஆடியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

"ஈறு நோய் எலும்பைத் தின்னுடுச்சும்மா. அது மேல கம்பியும் இழுத்துட்டே இருந்திருக்கு. முன்னாடி நாலையும் எடுக்கணும். ரத்தம் வந்தப்பவே வந்திருந்தா கம்பியைக் கழட்டி வைத்தியம் பார்த்திருக்கலாம். அப்ப யார்கிட்டயாவது சொன்னீங்களா?"



"இல்ல டாக்டர், யார்கிட்டயும் சொல்லல" என்றாள் சின்னவள். அக்கா பக்கம் அவள் திரும்பவே இல்லை.

பிடுங்குவதற்கு முன் கம்பியைக் கழற்றினார்கள். முகம் கழுவிக்கொண்டு வந்த சின்னவள் தன் போனை அக்காவிடம் நீட்டினாள். "ஒரு போட்டோ எடுத்துடுக்கா. நேரா இருக்கறப்பவே."

சுவரோரம் நின்று பல் தெரியச் சிரித்தாள். பெரியவள் எடுத்த முதல் படம் கலங்கிப்போனது. இன்னொருமுறை சிரிக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

பொய்ப்பல் பழகும்வரை சின்னவள் வீட்டிலேயே இருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிட்டாள். ஊருக்குக் கிளம்பிய அன்று, பஸ் நிலையத்தில் பெரியவள் தாளமாட்டாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏதாவது கேளுடி. நாலு வார்த்தை திட்டிட்டாவது போ."

"பஸ் வந்துடுச்சுக்கா" என்று கையை மெல்ல விடுவித்துக்கொண்டு ஏறிய சின்னவள், அக்கா நின்ற பக்கம் ஜன்னலோரம் இடம் காலியாக இருந்தும் எதிர்ப்பக்க வரிசையில் போய் உட்கார்ந்தாள்.