மூன்று கதைகளின் கடைசிப் பகுதி

எனக்குப் பத்து வயதானபோது, எங்கள் தெருவில் ஒரு திருடர் இருப்பதாக முடிவு செய்தேன். நகையோ பாத்திரமோ எதுவும் போகவில்லை. அந்த ஒரே வருஷத்தில் மூன்று கதைகளின் கடைசிப் பகுதி காணாமல் போயிற்று. சந்தேகப்பட வேண்டியவர்கள் நான்கு பேர். நான்கு பேருமே எனக்குத் தின்பண்டம் கொடுத்து வளர்த்தவர்கள். அதற்காக ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்கு மேற்கே இருந்தது எங்கள் வீடு. அடுத்த வீடு மாடி வைத்தது. அந்த மாடிவீட்டு மாமிக்கு மாதாமாதம் இரண்டு பத்திரிகைகள் தபாலில் வரும். அவற்றில் தொடர்கதை வந்த ஏடுகளை மட்டும் பிரித்துச் சேர்த்துவைத்து, கதை முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை ஒட்டிப் புஸ்தகமாக்கிவிடுவாள். அந்தப் புஸ்தகம் அவளிடமிருந்து எதிர்வீட்டு மாமிக்குப் போகும். அங்கிருந்து என் அம்மாவுக்கு. கடைசியாக அத்தைக்கு. பிறகு மாடிவீட்டுக்கே திரும்பும். பெரியவர்கள் ஒரு கதைப் புஸ்தகத்துக்காகப் பட்டப்பகலில் தெருவைக் கடந்தால் ஆண்கள் ஏதாவது சொல்வார்கள். பாவாடை கட்டிய பெண்ணை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஆகவே சுமப்பது நான்.

யார் எப்படிப் படிப்பார்கள் என்பது புஸ்தகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். மாடிவீட்டு மாமி பால் காய்ச்சும்போது படிப்பாள். பொங்கி வழிந்த இடங்களில் ஏடு மொடமொடவென்று இருக்கும். என் அம்மா சமையலுக்கு நடுவில் படிப்பாள். ஓரங்களில் மஞ்சள் விரல். அத்தை எந்த அடையாளமும் வைக்கமாட்டாள். எதிர்வீட்டு மாமி ஏட்டின் முனையை மடிப்பாள், அதுவும் முதலில் கடைசி ஏட்டை. ஏனென்றால் அவள் முடிவைப் படித்துவிட்டுத்தான் கதையை ஆரம்பிப்பாள். “முடிவு தெரியாம ஒரு கதைக்குள்ள போறது, ஆழம் தெரியாம கால வெக்கற மாதிரிடீ,” என்பாள். கடைசிப் பகுதி காணாமல் போகும் ஊரில் இப்படி ஒரு வழக்கம் உள்ளவளை யார்தான் சந்தேகிக்கமாட்டார்கள்?

கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அவள் பெயரை முதலில் எழுதினேன். இன்னொரு விஷயத்தையும் குறித்துக்கொண்டேன். அவளிடமிருந்து நான் புஸ்தகம் வாங்கிவரும் நாட்களில் அவளும் கூடவே எங்கள் வீட்டுக்கு வருவாள். அம்மா அவளிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்பாள்: “எப்படி?” மாமி சில சமயம் தலையை ஆட்டுவாள், சில சமயம் உதட்டைப் பிதுக்குவாள். அதற்கு மேல் பேச்சு இல்லை. கூட்டுக் களவாணிகள் இப்படித்தான் சைகை செய்வார்கள் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை. அப்போது அவளுக்கு இருபது வயது. கல்யாணமான மூன்றாம் வருஷம் கணவரை இழந்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். வாசல் பக்கம் வருவதில்லை. விசேஷ வீடுகளுக்குப் போவதில்லை. பின்கட்டு அறையின் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு நாளைக்கு எட்டுப் பக்கம் படிப்பாள். ஒன்பதாவது பக்கத்தைத் திருப்பமாட்டாள். சீக்கிரம் தீர்ந்துவிட்டால் அடுத்த புஸ்தகம் வரும்வரை அவளுக்குச் சுவர்தான். “மாடியாத்துல தையல் ஆரம்பிச்சுட்டாளா? பாத்துண்டு வாயேன்,” என்று தினம் ஒரு தடவையாவது என்னை அனுப்புவாள்.

கடைசிப் பகுதி இல்லாத கதை வந்தால் அத்தை அம்மாவைக் கேட்பாள். “அந்த மாசம் பத்திரிகை தபால்ல தவறிப்போச்சாம்,” என்று அம்மா சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அதன் பிறகு அத்தை தானே ஒரு முடிவு கட்டி எனக்குச் சொல்வாள். முதல் கதையில் கணவரை இழந்த பெண் ரயிலேறிப் போய் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஆனாள். இரண்டாவது கதையிலும் அப்படி ஒரு பெண்தான். அவள் டிராமில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து, வாத்தியாரம்மாவாகி, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டாள்.

“கண்ணாடி எதுக்கு அத்தை?”

“அவ்வளவு படிச்சா கண்ணு கெடாதா? அசடே!”

மூன்றாவது புஸ்தகத்துக்கு நான் முன்னேற்பாடாக இருந்தேன். புஸ்தகம் வீடு மாறும் ஒவ்வொரு தடவையும் வாசற்படியில் நின்று ஏடுகளை எண்ணினேன். மாடிவீட்டிலிருந்து கிளம்பும்போது அறுபது. எதிர்வீட்டிலிருந்து வாங்கும்போது அறுபது. அத்தை படித்து முடித்தபின் நான் திருப்பிக் கொடுக்கப் போகும்போது ஐம்பத்தாறு.

அன்று மாலையே மாடிவீட்டு மாமி அந்தப் புஸ்தகத்தோடு எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டாள். எதிர்வீட்டு மாமியும் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

“மூணாவது தடவை! கண்ணு வலிக்க வலிக்கத் தைக்கறவ நான். வாலறுந்த பல்லி மாதிரி திரும்பி வரது. கடைசியிலேயே கண்ணா இருக்கறவா யாருன்னு இந்தத் தெருவுக்கே தெரியும்.”

“எங்காத்து மாமா சைதாப்பேட்டைக் கோர்ட்டுல குமாஸ்தா. சாட்சி இல்லாம வாயத் திறக்கப்படாது, தெரிஞ்சுக்கோ,” என்றாள் எதிர்வீட்டு மாமி.

“மடிச்ச ஏடே சாட்சி!”

எதிர்வீட்டு மாமி என் அம்மாவை ஒரு தரம் பார்த்தாள். “சரி, நான்தான் எடுத்தேன்னு வெச்சுக்கோ. போறுமா?” என்றாள் மாமி.

“போறும். இனிமே என் புஸ்தகம் இந்தப் பக்கம் வராது,” என்று சொல்லிவிட்டு மாடிவீட்டு மாமி போய்விட்டாள்.

பின்கட்டிலிருந்து அத்தை இதையெல்லாம் கேட்டிருக்கிறாள். நான் உள்ளே போனதும், “இனிமே வராதா?” என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் அன்று சாப்பிடும்போது சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

குற்றவாளி ஒப்புக்கொண்டாயிற்று. இருந்தாலும் எனக்குத் திருப்தியில்லை. கணக்கு ஒத்துவரவில்லை. எதிர்வீட்டைத் தாண்டியபோது ஏடுகள் அறுபது. செய்யாததை ஒருத்தி ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? மறுநாள் நோட்டில் அவள் பெயரை அடித்துவிட்டு, என் அம்மாவின் பெயரை முதலிடத்துக்குக் கொண்டுவந்தேன். இன்று ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கிக் கண்ணாடித் தகடுகளுக்கு எண் ஒட்டி அட்டவணை போடும் வேலை எனக்கு. எண் மாறியிருக்குமோ என்று தகடுகளைச் சந்தேகிப்பதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. அந்தப் பழக்கம் அன்று சொந்த அம்மாவிடம்தான் ஆரம்பமாயிற்று.

அம்மா எதிர்வீட்டுக்குப் போயிருந்த மத்தியானம் வீட்டைச் சோதனை போட்டேன். அரிசிப் பானை, புடவைப் பெட்டி, ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால், எங்கும் இல்லை. கடைசியில் பூஜை அலமாரியில் பஞ்சாங்கத்துக்கு அடியில் அகப்பட்டது. மூன்று கதைகளின் கடைசிப் பகுதிகளும் நூலால் கட்டி, மேலே ஒரு துளி குங்குமத்தோடு இருந்தன. எங்கள் வீட்டில் எழுத்துள்ள காகிதம் சரஸ்வதி. காலில் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். வேறு யாராவது அதை அடுப்பில் போட்டுக் காரியத்தை முடித்திருப்பார்கள். அம்மாவால் முடியவில்லை.

நான் ஏடுகளை எண்ணினேன். முதல் கதைக்கு மூன்று, இரண்டாவதற்கு ஐந்து, மூன்றாவதற்கு நான்கு. கணக்கு சரியாக இருந்தது. எண்ணினேனே தவிர, ஒரு வரிகூடப் படிக்கவில்லை. நேராகப் பின்கட்டுக்கு ஓடி அத்தையின் மடியில் வைத்தேன்.

அத்தையின் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. “எங்கேடீ கெடைச்சது? நீ பெரிய ஆளுதான்!” என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். பிறகு படிக்கத் தொடங்கினாள். அன்று எட்டுப் பக்கக் கணக்கு கிடையாது. மூன்றையும் ஒரே மூச்சில் படித்தாள்.

வாசலில் அம்மாவின் குரல் கேட்டது. எதிர்வீட்டு மாமியும் கூட வந்திருந்தாள். நான் கூடத்துக்கு ஓடி, “திருடு அகப்பட்டுடுத்து! பூஜை அலமாரியில இருந்தது. அத்தைகிட்டக் குடுத்துட்டேன்,” என்று அறிவித்தேன். மாமியின் பழி நீங்கியது. அவள் என்னைத் தூக்கிக் கொஞ்சுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“மூணையுமா?” என்றாள் மாமி.

“மூணையும்.”

அம்மாவும் அவளும் பின்கட்டுக்குப் போனார்கள். நானும் போனேன். அத்தை ஏடுகளைத் தட்டி ஓரம் சேர்த்து, பழையபடி நூலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏன் மன்னி, மூணு பேருமேவா கிணத்துல?” என்றாள். கோபமே இல்லாத குரல்.

“கதை எழுதறவாளுக்கு வேற என்ன தெரியும்? கிணறுதான் தெரியும். எழவெடுத்தவா,” என்றாள் எதிர்வீட்டு மாமி. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்குச் சந்தேகமாக இருந்தது. பழி நீங்கிய பிறகு அழுவானேன்?

அத்தை என் பக்கம் திரும்பினாள். “அப்போ நான் நோக்குச் சொன்னதெல்லாம் தப்பு,” என்றாள்.

“பரவாயில்லே அத்தை, இப்பதான் சரியானது கெடைச்சுடுத்தே,” என்றேன்.

யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. இதுவே பயமாக இருந்தது. எதிர்வீட்டு மாமி அன்றே மாடிவீட்டுக்குப் போய்ப் பேசினாள். என்ன பேசினாளோ, மறுநாள் காலையில் மாடிவீட்டு மாமி தானே தெருவில் இறங்கி நடந்துவந்து ஒரு காசி யாத்திரைப் புஸ்தகத்தைக் கொடுத்தாள். முழுசாக இருந்தது, நான் எண்ணிப் பார்த்தேன். அத்தை அதை வாங்கி ஜன்னலில் வைத்தாள். அதன் பிறகு கதை முடிவு எதையும் அவள் எனக்குச் சொல்லவில்லை.

என் தண்டனை அதற்கடுத்த நாள் விடியற்காலையில் வந்தது. அதுவரை கொல்லைக் கிணற்றில் அத்தை தனியாகத்தான் தண்ணீர் இறைப்பாள். அம்மா என்னை எழுப்பி, “இனிமே தினமும் அத்தைகூட நீயும் போகணும். அவ குடத்தோட உள்ள வர வரைக்கும் பக்கத்துலயே நிக்கணும். விளையாடப் போகப்படாது,” என்றாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அம்மா என் போர்வையை மடிக்க ஆரம்பித்தாள். திருடியவள் அவள், கண்டுபிடித்தவளுக்குத் தண்டனை. இந்த அநியாயத்தை நினைத்துக்கொண்டே கண்ணைக் கசக்கியபடி கொல்லைக்குப் போனேன்.

அத்தை கயிற்றைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். “இந்தப் பனியில நீ எதுக்குடீ எழுந்து வந்தே?”

“அம்மா தண்டனை குடுத்திருக்கா.”

“யாருக்கு?” என்றாள் அத்தை.

இது என்ன கேள்வி என்று எனக்கு எரிச்சலாக வந்தது. “எனக்குத்தான்,” என்றேன்.