ஆடு தின்னாத வேலி

வேலி பயிரை மேய்வதற்குப் பழமொழி இருக்கிறது. வேலியையே ஆடு மேய்ந்துவிட்டால் என்ன செய்வதென்று முன்னோர்கள் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. தையல்காரிக்கு வாய்த்தது இந்த இரண்டாவது தலைவலி.

அவள் தோட்டத்துக்கு அடுத்த வீடு ஓரகத்தியுடையது, அதாவது புருஷனின் அண்ணன் மனைவியுடையது. ஓரகத்தி ஆடு வளர்த்தாள். தையல்காரி முதலில் செம்பருத்தி வேலி வைத்தாள். ஆடுகளுக்கு அது விருந்தாகிப் போனது. அடுத்து காகிதப்பூ வைத்தாள். அதன் முள், தைக்கக் கொடுக்க வந்தவர்களின் துணியைக் கிழித்தது. துணி தைக்கிறவள் வாசலிலேயே துணி கிழிந்தால் பிழைப்பு என்னாவது? அதையும் பிடுங்கினாள். அதற்குள் கத்தரிச் செடிகள் மறுபடியும் மொட்டை. பொறுமை போய், "இனி உங்க ஆடு இங்க வாய வெச்சா, அப்புறம் எதுலயும் வாய வைக்காது" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டாள். அன்றோடு இரு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அண்ணனும் தம்பியும் மட்டும் தெருமுனையில் திருட்டுத்தனமாகப் பேசிக்கொண்டார்கள்.

பிறகுதான் செடி விற்கும் நர்சரிக்காரர் அரளியைச் சிபாரிசு செய்தார். வெயில் தாங்கும், நிறையப் பூக்கும், இலை கசப்பதால் ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும் என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அரளி ஆள் உயரம் வளர்ந்தது, கத்தரி காய்த்தது.

ஒருநாள் அரளியைக் கழித்துவிட்டவள், குப்பை வண்டி எடுத்துப் போகட்டும் என்று கிளைகளை இரு வீட்டுக்கும் இடையிலிருந்த சந்தில் குவித்தாள். வண்டி வரவில்லை. இலை வாடினால் கசப்பு குறையும், விஷம் குறையாது. இது அவளுக்குத் தெரியாது.

மறுநாள் ஓரகத்தியின் சினை ஆடு எச்சில் வடிய விழுந்து கிடந்தது. மாட்டு டாக்டர் வந்து, என்ன தின்றது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. சத்தம் கேட்டுச் சந்துக்கு வந்த தையல்காரி குவியலைப் பார்த்தாள். இலையெல்லாம் போய் வெறும் குச்சிகள் கிடந்தன.

உண்மையைச் சொன்னால், அன்று கத்தினபடியே செய்துவிட்டாள் என்று ஊர் பேசும். கட்டினவனே நம்புவானோ என்னவோ. குச்சிகளை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டால் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. ஒரு கிளையை எடுக்கவும் செய்தாள். அதற்குள் டாக்டரின் குரல் கேட்டது.

"எதத் தின்னுச்சுன்னு தெரியாம நான் எதுக்குன்னு வைத்தியம் பண்றது?"

கிளையும் கையுமாக அவர் முன்னால் போய் நின்றாள். "அரளி. நான்தான் வெட்டிப் போட்டேன். வேணும்னு போடல."

டாக்டர் ஊசி போட்டார். கரித்தூளைத் தண்ணீரில் கரைத்து, இடைவெளி விட்டு ஆட்டின் வாயில் ஊற்றச் சொன்னார். அந்தி சாயும்போது ஆடு தலை தூக்கியது. வயிற்றில் இருந்த குட்டி மட்டும் செத்துப் பிறந்தது.

தையல்காரி போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அந்த வீட்டு வாசலில் தவித்தாள். ஓரகத்தி அன்றைக்குத்தான் அவளிடம் மறுபடி பேசினாள்.

"தாய் பொழச்சதும் உன்னாலதான். குட்டி போனதும் உன்னாலதான். நான் உனக்கு நன்றி சொல்லவா, சாபம் குடுக்கவா?"

"எதுன்னாலும் குடுங்கக்கா."

ஓரகத்தி கரித்தண்ணீரைக் கலக்கிக்கொண்டே, "அது அப்புறம். வந்து தலையப் பிடி. தனியா ஊத்த முடியல" என்றாள்.